தாமரை இலை அச்சில் வார்த்த அழுத்த உணரி: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

தாமரை இலையையோ ரோஜா இதழையோ அச்சாக வைத்துச் சிலிகோன் ரப்பரை வார்த்து, அதில் பதிந்த நுண்மேடுகளின் மீது கடத்தும் படலத்தைப் பூசி, சீப்புப் பல் வடிவ மின்முனைகளின் மேல் கவிழ்த்துச் செய்யும் நெகிழ்வான அழுத்த உணரிகளை எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அதே பிழைகள் வருகின்றன. பிழை வந்தவுடன் இலையைக் குறை சொல்லி முதலிலிருந்து வார்க்கத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. நான் பிரித்துப் பார்த்த உணரிகளில் பெரும்பாலானவற்றில் இலையின் பதிவு நன்றாகவே இருந்தது. மென்மையான ரப்பர் கடினமான கம்பியைச் சந்திக்கும் இணைப்பில்தான் பிழை இருந்தது. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் ஐந்து நிமிடத்தில் முடியும் சோதனை முதலிலும், பணமும் நாளும் கேட்கும் சோதனை கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன்

ஒரு மல்டிமீட்டர், 10 கிராம் முதல் 100 கிராம் வரையிலான எடைக்கற்கள், 100 மடங்காவது பெரிதாக்கும் சாதாரண நுண்ணோக்கி, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது 10 கிராம் கல்லை வைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல் அழுத்தம் கிடைக்கிறது என்பதை நினைவில் வைத்தால், அழுத்தத்திற்குத் தனிக் கருவி வாங்காமலே பல சோதனைகளை முடித்துவிடலாம். விரலால் அழுத்திப் பார்ப்பதைச் சோதனையாகக் கொள்ள வேண்டாம். விரலின் விசை ஒவ்வொரு முறையும் மாறும், அதன் வெப்பமும் வியர்வையும் அளவீட்டில் கலந்துவிடும்.

அறிகுறி 1: வார்த்த ரப்பர் உறையாமல் பிசுபிசுப்பாகவே இருக்கிறது

ஆய்வகங்களில் மிகுதியாகப் புழங்கும் சில்கார்டு 184 வகைச் சிலிகோனில் மூலப் பிசினையும் கெட்டிப்படுத்தியையும் எடையில் 10-க்கு 1 என்ற அளவில் கலக்க வேண்டும். கண் அளவாகக் கலந்திருந்தாலோ, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பிசினைச் சுரண்டிச் சேர்க்காமல் விட்டிருந்தாலோ, சில இடங்கள் உறைந்தும் சில இடங்கள் ஒட்டியும் இருக்கும். திட்டுத்திட்டாக ஒட்டினால் கலக்கியது போதவில்லை என்று பொருள்.

எங்கும் ஒரே சீராக ஒட்டினால் நேரத்தைக் கணக்கிடுங்கள். 25 டிகிரி செல்சியஸில் இந்தச் சிலிகோன் உறைய 48 மணி நேரம் ஆகும். 100 டிகிரியில் 35 நிமிடம் போதும் என்றாலும், இலை அச்சை அந்த வெப்பத்தில் வைக்க முடியாது. காரணம் அறிகுறி 2-இல் வருகிறது.

உள்ளே நன்றாக உறைந்திருந்தும் அச்சைத் தொட்ட முகம் மட்டும் பிசுபிசுத்தால், சிலிகோனை உறையச் செய்யும் பிளாட்டின வினையூக்கி நஞ்சேறியிருக்கிறது. கந்தகமும் அமீன்களும் வெள்ளீயச் சேர்மங்களும் இந்த வினையூக்கியை முடக்கிவிடும். லேட்டக்ஸ் கையுறை, கந்தகம் கலந்த மாடலிங் களிமண், சில ஒட்டும் நாடாக்களின் பசை, முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் சில பிசின்கள் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள். நைட்ரைல் கையுறைக்கு மாறி, சுத்தமான கண்ணாடித் தகட்டின் மீது ஒரு சொட்டும் அச்சின் மீது ஒரு சொட்டும் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் உறைந்து அச்சில் உறையாவிட்டால் அச்சை மாற்றுங்கள். இரண்டிலும் உறையாவிட்டால் பிசின் புட்டியை மாற்றுங்கள். புதுப் புட்டியின் விலை அதிகம் என்பதால், இந்த இரு சொட்டுச் சோதனையை முடிக்காமல் அதை வாங்க ஒப்புதல் கேட்க வேண்டாம்.

அறிகுறி 2: வார்ப்பில் குமிழிகளும் ஓட்டைகளும்

குமிழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். வார்ப்பின் உடல் முழுவதும் குமிழி இருந்தால், கலக்கும்போது புகுந்த காற்று வெளியேறவில்லை. ஊற்றுவதற்கு முன் அரை மணி நேரம் வெற்றிடப் பாத்திரத்தில் வையுங்கள். இலையைத் தொட்ட முகத்தில் மட்டும் குமிழி இருந்தால் காற்றும் நீராவியும் இலையிலிருந்தே வருகின்றன.

பெரும்பாலான தாவரங்களில் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் இருக்க, நீரில் வளரும் தாமரையில் அவை மேற்பக்கத்தில் இருக்கின்றன. நாம் பதிவெடுக்க விரும்பும் முகமே மூச்சு விடும் முகம் என்பதால், பிசினை ஊற்றிய பின் வலுவான வெற்றிடத்தில் வைத்தால் இலையின் உள்ளிருக்கும் காற்றையெல்லாம் நாமே இழுத்துப் பிசினுக்குள் விட்டதாகிவிடும். அடுப்பின் வெப்பமும் இதையே செய்கிறது. இலையின் மெழுகு 90 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்குவதால் நுண்மேடுகளின் மேலுள்ள மெழுகுக் குழாய்களும் அந்த வெப்பத்தில் அழிந்துவிடும்.

நாங்கள் செய்யும் முறை இது. காம்பையும் தடித்த நரம்புகளையும் தவிர்த்து நரம்புகளுக்கு இடைப்பட்ட துண்டுகளை வெட்டி, தூசு போக நீரை மட்டும் ஊற்றிக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலர்த்தி, அன்றே கண்ணாடித் தகட்டில் தட்டையாக ஒட்டுகிறோம். காற்று நீக்கிய பிசினை முதலில் மெல்லிய படலமாகத் தூரிகையால் பரப்பி ஒரு மணி நேரம் விட்டு, மேலே வந்த குமிழிகளை ஊசியால் உடைத்து, அதன் பிறகே மீதியை ஊற்றி, அறை வெப்பத்தில் இரண்டு நாள் விடுகிறோம். ஆல்கஹாலாலோ அசிட்டோனாலோ இலையைத் துடைத்தால் மெழுகு கரைந்துவிடும். மறுநாள் வரை வைத்த இலை சுருங்கிவிடும், அந்தச் சுருக்கமும் அப்படியே பதியும்.

அறிகுறி 3: அழுத்தினாலும் அளவீடு அசையவில்லை

உணரியை மின்சுற்றிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை நேரடியாக அதன் இரு முனைகளில் வைத்து 100 கிராம் கல்லை ஏற்றுங்கள். அதன்பின் வழி மூன்றாகப் பிரிகிறது.

மல்டிமீட்டர் திறந்த சுற்றைக் காட்டினால்: முதலில் செப்பு நாடாவைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் செப்பு நாடாக்கள் இரண்டு வகை. ஒன்றின் பசை மின்சாரத்தைக் கடத்தும், மற்றதன் பசை கடத்தாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நாடாத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டிய இன்னொரு துண்டின் மேல் ஒட்டி, இரண்டுக்கும் இடையே தடையை அளந்தால் தெரிந்துவிடும். எங்கள் மாணவி ஒருவர் இந்த ஒரே காரணத்தால் பதினொரு உணரிகளைக் குப்பையில் போட்டார், பதினொன்றிலும் இலைப் பதிவு பழுதின்றி இருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. நாடா சரியாக இருந்தால் வெள்ளிப் பசை காய்ந்து வெடித்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மல்டிமீட்டரின் முனைகளைக் கடத்தும் படலத்தின் மீதே, ஒன்றிலிருந்து ஒன்று ஒரு சென்டிமீட்டர் தள்ளி, மெதுவாக வைத்துப் பாருங்கள். அங்கும் திறந்த சுற்றைக் காட்டினால் மட்டுமே படலத்தை மறுபடி பூச வேண்டும்.

மல்டிமீட்டரில் தடை மாறுகிறது, கணினித் திரையில் மாறவில்லை என்றால்: உணரியில் பிழை இல்லை, மின்னழுத்தப் பகுப்பானில் (உணரியோடு ஒரு நிலைத் தடையைத் தொடராக இணைத்து, இடையிலுள்ள மின்னழுத்தத்தைப் படிக்கும் சுற்றில்) சேர்த்த நிலைத் தடையின் அளவு பொருந்தவில்லை. அந்த மின்னழுத்தத்தைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் ஆர்டுயினோ ஊனோ பலகை 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரையிலான படிகளாகப் பிரிக்கிறது. லேசாகத் தொட்டால் 100 கிலோ ஓம், நன்றாக அழுத்தினால் 1 கிலோ ஓம் காட்டும் உணரியோடு 1 மெகா ஓம் தடையைத் தரைப் பக்கத்தில் சேர்த்தால், அளவீடு 930-க்கும் 1022-க்கும் இடையே நெருங்கி நின்று எப்போதும் அழுந்தியிருப்பதுபோலத் தோன்றும். அதே உணரியோடு 10 கிலோ ஓம் சேர்த்தால் 93 முதல் 930 வரை விரிந்து வேலை செய்யும். உணரியின் மிகக் குறைந்த தடையையும் மிக அதிகத் தடையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதற்கு நெருங்கிய தடையை வாங்குங்கள். இரண்டு ரூபாய்கூட ஆகாத திருத்தம் இது.

சுமை ஏற்றும் முன்பே தடை மிகக் குறைவாக இருந்தால்: மேல் அடுக்கை ஒட்டிய நாடா இழுத்துக் கட்டியதுபோல அழுத்திக்கொண்டிருக்கலாம். ஒரு பக்கத்து நாடாவை மட்டும் எடுத்துப் பாருங்கள். தடை உயர்ந்தால் ஓரத்தில் 100 மைக்ரான் அளவில் மெல்லிய விளிம்பு வைத்து மறுபடி ஒட்டுங்கள். உயராவிட்டால் வெள்ளிப் பசை வழிந்து சீப்புப் பற்களை இணைத்திருக்கிறது. கூரிய கத்தியால் பற்களின் இடைவெளியைச் சுரண்டலாம். இரு முறை சுரண்டியும் தீராவிட்டால் மின்முனைத் தகட்டை மாற்றுவதே மலிவு.

அறிகுறி 4: வேலை செய்கிறது, ஆனால் உணர்திறன் மிகக் குறைவு

ரப்பரின் எந்த முகத்தில் படலம் பூசியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இலை பதிந்த முகம் மங்கலாகவும் மறுமுகம் பளபளப்பாகவும் இருக்கும். அவசரத்தில் பளபளப்பான முகத்தில் பூசிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது, மேடா குழியா என்ற கேள்வி. இலையின் மீது ஒரு முறை வார்த்தால் இலையின் மேடுகள் ரப்பரில் குழிகளாக விழும். இலையைப் போலவே மேடுகள் வேண்டுமானால் அந்த ரப்பரை அச்சாக வைத்து இரண்டாம் முறை வார்க்க வேண்டும். ஒரே வகைச் சிலிகோனை அதன் மீதே நேரடியாக வார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால், முதல் வார்ப்பின் மீது ஹைட்ராக்ஸிபுரோப்பில் மெத்தில் செல்லுலோஸ் கரைசல் போன்ற பிரிப்புப் படலம் இடுவது கட்டாயம். நுண்ணோக்கியில் மேட்டையும் குழியையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். பார்த்தவுடன் மேடு என்றோ குழி என்றோ அவசரமாக முடிவு செய்யாமல், ஒரு தூசியை மேற்பரப்பில் வைத்து அதன் குவிய உயரத்தோடு ஒப்பிடுங்கள். புள்ளிகளின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த குவியத்தில் தெளிந்தால் மேடு, தாழ்ந்த குவியத்தில் தெளிந்தால் குழி. ரோஜா இதழின் மேடுகள் ஏறக்குறைய 16 மைக்ரான் அகலமும் 7 மைக்ரான் உயரமும் கொண்டவை என்பதால், புதியவர்கள் இதழில் பழகிவிட்டுத் தாமரைக்கு வருவது நல்லது.

மூன்றாவது காரணம் படலத்தின் தடிப்பு. கார்பன் நானோகுழாய் மையை அடுக்கடுக்காகத் தெளித்துக்கொண்டே போனால் மேடுகளின் இடைவெளி நிரம்பித் தட்டையாகிவிடும். தடை குறைந்தது என்று மகிழ்வோம், உணர்திறன் போய்விட்டிருக்கும். மேற்சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் உணர்திறன் எழவில்லை என்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் எடுக்க வேண்டும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மாதிரியின் மீது மெல்லிய தங்கப் பூச்சு தேவைப்படும். இதைத் தாமாகச் செய்ய முயலாமல் பல்கலைக்கழகக் கருவி மையத்தில் அந்தக் கருவியை இயக்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். குறுக்கு வெட்டுப் படமும் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் மேடு நிரம்பியிருப்பது தெரியாது.

அறிகுறி 5: சுமையை எடுத்த பின்னும் அளவீடு பழைய நிலைக்கு வரவில்லை

எல்லாப் பிழைகளிலும் இதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும். 10 கிராம் கல்லை ஒரு நிமிடம் வைத்து, ஒரு நிமிடம் எடுத்து, இதைப் பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் இறுதி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து எண்களின் போக்கில்தான் விடை இருக்கிறது.

முதல் சில சுற்றுகளில் மட்டும் மாறி, பிறகு நிலைத்துவிட்டால் அது பிழையே அன்று. புதிய ரப்பரும் புதிய படலமும் பழக்கப்படச் சில நூறு அழுத்தங்கள் தேவை. எனவே 200 முறை அழுத்திய பிறகே அளவுத்திருத்தம் செய்யுங்கள். அதற்கு முன் எடுத்த அளவுத்திருத்தக் கோட்டை வைத்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை.

ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறது, ஆனால் பல நொடிகள் தாமதமாகிறது என்றால் உள்ளே அடைபட்ட காற்றைச் சந்தேகப்படுங்கள். நான்கு ஓரங்களையும் இறுக அடைத்திருந்தால், அழுத்தும்போது காற்று மெதுவாகக் கசிந்து வெளியேறி, விடும்போது மெதுவாகவே உள்ளே வரும். ஓரத்தில் ஒரு ஊசித்துளை போட்டுப் பாருங்கள். இந்த ஒரு துளையால் சரியான உணரிகள் பல.

மேல் அடுக்கு கீழடுக்கில் ஒட்டிக்கொண்டு, பிறகு திடீரெனத் துள்ளி விடுபட்டால், ரப்பர் மிக மென்மையாக இருக்கிறது. உணர்திறன் கூடும் என்று 20-க்கு 1 அல்லது 30-க்கு 1 என்ற அளவில் கெட்டிப்படுத்தியைக் குறைத்தவர்களுக்கு இது கட்டாயம் வரும். உறைந்த ரப்பரை இலையிலிருந்து பிரித்த பிறகு 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் ஒட்டும் தன்மை ஓரளவு குறையும். போதாவிட்டால் 10-க்கு 1-க்கே திரும்புங்கள். மென்மையை ரப்பரிடம் தேடாமல் மேடுகளின் வடிவத்திடம் தேடுவதுதான் இலை நமக்குத் தந்திருக்கும் வசதி.

பத்து எண்களும் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால், படலம் ஒவ்வோர் அழுத்தத்திலும் உடைந்துகொண்டிருக்கிறது. அறிகுறி 9-க்குச் செல்லுங்கள். சுமையே இல்லாதபோதும் காலையில் ஓர் அளவும் மதியம் ஓர் அளவும் காட்டினால் வெப்பநிலைதான் காரணம். இந்தச் சிலிகோன் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 300 பங்கு விரியக்கூடியது. அதே தொகுதியில் வார்த்த இன்னோர் உணரியை, யாரும் அழுத்தாத இடத்தில் பக்கத்திலேயே வைத்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் படியுங்கள்.

அறிகுறி 6: தொடாமலே அளவீடு துள்ளுகிறது

மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றி மின்கலத்தில் மட்டும் ஓட்டுங்கள். துள்ளல் அடங்கினால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். இரண்டு மில்லிநொடிக்கு ஒன்றாகப் பத்து அளவீடுகளை எடுத்துச் சராசரி பார்த்தால் மின்னோட்டத்தின் ஒரு முழுச் சுற்று முடிந்து, இரைச்சல் பெருமளவு தன்னைத் தானே கழித்துக்கொள்ளும். அடங்காவிட்டால் கம்பியை அசைத்துப் பாருங்கள். அசைவோடு அளவும் துள்ளினால் இணைப்புதான் குற்றவாளி.

தடைக்குப் பதிலாக மின்தேக்குத்திறனை அளக்கும் மின்தேக்கு வகை உணரியில் கை அருகில் வந்தாலே அளவு மாறும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் 100 மைக்ரான் இடைவெளியும் கொண்ட உணரியின் மொத்த மின்தேக்குத்திறனே ஏறக்குறைய 24 பிக்கோஃபாரட்தான் என்பதால், நீளமான கம்பி தன் பங்கிற்குச் சேர்க்கும் சில பிக்கோஃபாரட் அளவும் அளவீட்டில் பெரிதாகத் தெரியும். கம்பியைக் குறுக்குங்கள், உறையிட்ட கம்பிக்கு மாறுங்கள், கையின் பக்கம் இருக்கும் மின்முனையைத் தரையோடு இணையுங்கள். வியர்வை படும் இடமானால் ஓரங்களை அடைக்க வேண்டும். சிலிகோனின் மின்கடவாமை (மின்தேக்குத்திறனை எத்தனை மடங்காக்கும் என்ற எண்) 2.7 அளவிலும் நீரின் மின்கடவாமை 80 அளவிலும் இருக்கும்போது ஒரு துளி ஈரம் ஒரு கல்லின் எடையைப் போலத் தோன்றும். காற்றுக்கான ஊசித்துளையை இந்த நேரத்தில் தோலைத் தொடாத பக்கத்துக்கு மாற்றுங்கள்.

அறிகுறி 7: மேசையில் சரி, மணிக்கட்டில் கட்டினால் தவறு

வளைப்பதே ஒரு விசை. படலத்தின் தடிப்பை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் மேற்பரப்பில் ஏற்படும் நீட்சி கிடைக்கும். 50 மைக்ரான் தகடு 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்தால் நீட்சி அரை விழுக்காடு; ஒரு மில்லிமீட்டர் தடிப்பான ரப்பர் அதே வளைவில் பத்து விழுக்காடு நீளும். ஆகவே முதலில் ரப்பரை மெல்லியதாக்குங்கள். அடுத்து, மின்முனைத் தகட்டின் இரு பக்கமும் ஒரே தடிப்புள்ள ரப்பர் வருமாறு அமைத்து, வளையும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் நடுத்தளத்தில் மின்முனை விழச் செய்யுங்கள். அளவுத்திருத்தத்தை மணிக்கட்டின் அளவுள்ள குழாயின் மீது சுற்றி வைத்தே செய்யுங்கள்.

உடலில் கட்டும் எந்தச் சுற்றும் மின்கலத்தில் மட்டுமே ஓட வேண்டும். நோயாளியின் மீது வைப்பதாக இருந்தால், எவ்வளவு சிறிய சோதனையானாலும், மருத்துவமனையின் உயிர்மருத்துவப் பொறியாளர் மின்காப்பைப் பார்த்து ஒப்புதல் தரும் வரை தொடங்க வேண்டாம்.

அறிகுறி 8: வரிசையில் ஒன்றை அழுத்தினால் இன்னொன்றும் எழுகிறது

நிரை நிரலாக இணைத்த உணரிகளில், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் நான்காவது மூலையும் அழுந்தியதாகக் காட்டும். மின்னோட்டம் மற்ற மூன்றின் வழியாகச் சுற்றி வருவதே காரணம். படிக்காத நிரைகளைத் தொங்க விடாமல் தரையோடு இணைப்பது இலவசத் திருத்தம். ஒவ்வொரு நிரலிலும் செயல்பாட்டுப் பெருக்கி வைத்து அதைச் சுழிய மின்னழுத்தத்தில் நிறுத்துவது அடுத்தது. அதற்குச் சுற்றுப்பலகை வரையத் தெரிந்த மின்னணுப் பொறியாளரை அழையுங்கள்.

அறிகுறி 9: சில நூறு அழுத்தங்களுக்குப் பின் செயலிழக்கிறது

ஒட்டும் நாடாவைப் படலத்தின் ஓரத்தில் ஒட்டி உரியுங்கள். படலம் நாடாவோடு வந்தால் பிடிப்பு போதவில்லை. ரப்பரின் மேற்பரப்பை ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் வைத்து, வெளியே எடுத்த சில நிமிடங்களில் பூச வேண்டும். மறுநாள் பூசலாம் என்று வைத்தால் ரப்பர் பழையபடி நீரை விலக்கும் தன்மைக்குத் திரும்பிவிடும். படலம் நாடாவில் வராமல், அதில் கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால் படலமே மாற வேண்டும். இண்டியம் வெள்ளீய ஆக்சைடு ஓரிரு விழுக்காடு நீட்சியிலேயே உடையும்; வெள்ளி நானோகம்பியும் கார்பன் நானோகுழாயும் வலையாக அமைவதால் தாங்கும். வெள்ளிப் படலம் கறுத்திருந்தால் காற்றிலுள்ள கந்தகம் பட்டிருக்கிறது, மேலே மெல்லிய சிலிகோன் பூச்சு தேவை.

சிலந்திக் காலின் பிளவுறுப்பைப் பார்த்துச் செய்யப்படும் விரிசல் உணரிகளுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. 2014-இல் தென் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட அந்த வகையில் 20 நானோமீட்டர் பிளாட்டினப் படலத்தில் வேண்டுமென்றே விரிசல் இடப்படுகிறது. 2 விழுக்காடு வரையிலான நீட்சியில் அதன் அளவுக்காரணி (நீட்சிக்கு எத்தனை மடங்காகத் தடை மாறுகிறது என்ற எண்) 2,000-ஐத் தாண்டுகிறது, சாதாரண உலோகத் தகடு உணரியில் அது 2 அளவில்தான் இருக்கும். அந்த எல்லையை மீறி இழுத்து, தளர்த்திய பின்னும் திறந்த சுற்றாகவே நின்றால், விரிசல் விளிம்புகள் ஒன்றையொன்று தொடும் நிலையை இழந்துவிட்டன. பசையாலோ மையாலோ அதை ஒட்ட முயல வேண்டாம், ஒட்டினால் விரிசலின் வேலையே போய்விடும். புதிய படலம் இடுவதற்கு வெற்றிடப் பூச்சுக் கருவி வேண்டும் என்பதால், கருவி மையத்துக்கு மாதிரிகளை ஒன்றிரண்டாக அனுப்பாமல் பத்தாகச் சேர்த்து அனுப்புங்கள். இழுக்கும் சோதனைக்கு முன், 2 விழுக்காட்டுக்கு மேல் நீளாதபடி இரு பக்கமும் நைலான் நூலால் தடை கட்டிவிடுங்கள்.